தொடுதிரைக்குப் போன வேளாண் ஜெல்: சிவகிரித் தோட்டத்தில் என்ன செய்யும்?

பாதாம் பிசினில் ஒரு சிறு துண்டை இரவு தண்ணீரில் போட்டு வைத்தால், காலையில் கிண்ணம் நிறைய வழவழவென்று நிற்கும். ஜிகர்தண்டாவில் கரண்டியால் அள்ளுவது அதைத்தான். அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர். ஆனாலும் சாய்த்தால் ஓடாது. இப்படித் தண்ணீரைத் தன் வலைக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருளுக்கு ஹைட்ரோஜெல் என்று பெயர். குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பருக்குள் இருப்பதும், கண்ணில் பொருத்தும் மென்மையான லென்சும் இந்த இனம்தான்.

உரக்கடைகளில் 'தண்ணீர் சேமிக்கும் குருணை' என்று கிடைப்பதும் இதுவே. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி பக்கம் எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது. "ஏக்கருக்கு இரண்டு கிலோ போட்டால் பாதித் தண்ணீர் போதும்" என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. பணம் கொடுப்பதற்கு முன் இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அதைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் சுற்றி வளைத்து உங்கள் செல்போன் வழியாகப் போக வேண்டும்.

சேற்றுக் கையும் செல்போனும்

நாற்று நடும்போது போன் அடித்தால் சேற்றுக் கையோடு திரையைத் தேய்த்தும் அது எடுக்காது. மழைத் துளி விழுந்தால் யாரும் தொடாமலே திரை தானாக ஓடும். இரண்டுக்கும் காரணம் ஒன்று. திரைக் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கடத்திப் பூச்சு இருக்கிறது. நம் உடம்பு உப்புத் தண்ணீர் நிறைந்த பை. விரல் நெருங்கும்போது அந்த இடத்தில் தேங்கும் மின்னூட்டம் மாறுகிறது. அந்த மாற்றத்தை அளந்துதான் போன் 'இங்கே தொட்டார்' என்று அறிகிறது. தண்ணீரும் ஈரச் சேறும் அந்த அளவைக் குழப்பிவிடுகின்றன.

அந்தப் பூச்சு பெரும்பாலும் இண்டியம், வெள்ளீயம் ஆகியவற்றின் ஆக்சைடு. நன்றாக மின்சாரம் கடத்தும், ஒளியையும் விடும். ஆனால் மண்சட்டி போல, வளைத்தால் விரிசல் விடும். மடிக்கவும் இழுக்கவும் கூடிய திரை வேண்டும் என்றால் வேறு பொருள் தேட வேண்டும். ரப்பர் போன்ற மென்பொருள்களில் வெள்ளி இழை, கரித்தூள், சாதாரண வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் காலியம் கலவை என்று பலவற்றைச் சேர்த்து ஆய்வாளர்கள் முயன்றுவருகிறார்கள்.

2016-இல் தென் கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு வழியைக் காட்டினார்கள். பாலிஅக்ரிலமைடு என்ற ஹைட்ரோஜெல்லில் லித்தியம் குளோரைடு உப்பைக் கரைத்து, அந்த ஜெல்லையே தொடுதிரையாக்கினார்கள். உலோகம் இல்லை, உப்பின் அயனிகளே மின்சாரத்தைக் கொண்டுபோகின்றன. ஜெல் தகட்டின் நான்கு மூலைகளிலும் மின்முனைகள். விரல் வைத்தால் நான்கு மூலைகளிலிருந்தும் அங்கே மின்னோட்டம் ஓடும். எந்த மூலை பக்கமோ அங்கிருந்து அதிகம் வரும். நான்கு அளவையும் ஒப்பிட்டால் தொட்ட இடம் தெரிந்துவிடும். பரப்பளவில் பத்து மடங்குக்கு மேல் இழுத்தும் அது வேலை செய்தது. கையில் ஒட்டிக்கொண்டு எழுதினார்கள், சதுரங்கம் விளையாடினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு நீர் குடிக்கும் பொருள்களின் கதையில் ஒரு முக்கியமான பகுதி வேளாண் ஆய்வகத்தில் நடந்தது. அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில், மிஞ்சிய மக்காச்சோளத்தின் மாவுச்சத்துக்கு என்ன பயன் கண்டுபிடிக்கலாம் என்று தேடியவர்கள், 1970-களின் தொடக்கத்தில் அப்படி ஒரு பொருளை உருவாக்கினார்கள். விதை நேர்த்திக்கும் மண்ணுக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். இந்த வகைப் பொருள்களுக்குப் பெரிய சந்தை கிடைத்தது டயப்பரில்.

நம் நாட்டில் புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 'பூசா ஹைட்ரோஜெல்' என்பதை உருவாக்கியது. செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்டது. தன் எடையைப்போல் குறைந்தது 350 மடங்கு நீரை ஈர்க்கும். ஹெக்டேருக்கு 2.5 முதல் 5 கிலோ, அதாவது ஏக்கருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ என்பது அதன் பரிந்துரை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

இரண்டு கிலோ ஜெல், 400 மடங்கு என்று தாராளமாகவே வைத்தாலும், 800 லிட்டர் பிடிக்கும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 4,000 லிட்டர். அப்படியானால் ஏக்கர் முழுவதும் தூவிய ஜெல் பிடித்து வைப்பது 0.2 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். ஒரு தடவை 5 செ.மீ. ஆழத்துக்குப் பாய்ச்சும் நீர் ஏக்கருக்கு சுமார் 2 லட்சம் லிட்டர். 800 லிட்டர் அதில் எந்த மூலை?

அப்படியானால் ஜெல் ஏமாற்று வேலையா என்று கேட்பீர்கள். இல்லை. 800 லிட்டரை ஏக்கர் முழுவதும் பரப்பினால் ஒன்றுமில்லை. விதை விழும் வரிசையிலோ கன்றின் வேருக்கு அருகிலோ மட்டும் வைத்தால் அது பெரிய நீர். அங்கே ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு பாசனத்துக்கும் மீண்டும் ஊறும். முளைப்பு தவறாமல் இருப்பது, நட்ட கன்று முதல் சில வாரங்களில் பட்டுப்போகாமல் பிழைப்பது, இவைதான் இதில் கிடைக்கும் ஆதாயம். 'பாதித் தண்ணீர் போதும்' என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. வயல் முழுக்கத் தூவச் சொல்பவரிடம் மேலே உள்ள கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

சிவகிரிப் பகுதிக்கு இது ஏன் பொருந்துகிறது? குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஆனி, ஆடியில் இங்கே வந்து சேர்வது பெரும்பாலும் காற்றுதான். மண்ணும் இலையும் சீக்கிரம் காய்கின்றன. நல்ல மழைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். எலுமிச்சைக் கன்று நடப் பரிந்துரைக்கப்படும் பருவங்களில் ஒன்று ஜூன் முதல் செப்டம்பர் வரை. அந்தக் காற்றில் நட்ட கன்றைக் காப்பாற்றுவதுதான் பாடு. செத்த கன்றுக்குப் போக்கு நடவு செய்தால் தோட்டம் ஏற்ற இறக்கமாக வளரும். காய்ப்புக்கு வரும் காலமும் தள்ளிப்போகும்.

உங்கள் கிணற்று நீர் என்ன சொல்கிறது?

இப்போது உப்புக்கு வருவோம். தொடுதிரையில் ஜெல்லுக்கு உயிர் கொடுத்த அதே உப்பு, வயலில் ஜெல்லுக்கு எதிரி.

ஜெல்லின் வலையில் மின்னூட்டம் உள்ள அயனிகள் இருக்கின்றன. வெளியே உள்ள நீரைவிட உள்ளே அயனிகள் அதிகமாக இருப்பதால்தான் தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது. வெளி நீரிலும் உப்பு இருந்தால் அந்த இழுவை குறைகிறது. சுண்ணாம்புச் சத்து இன்னும் மோசம். கால்சியம் அயனி வலையின் இரண்டு இழைகளைச் சேர்த்துக் கட்டிப் போடும். கட்டுக்கம்பியால் முறுக்கிய மாதிரி வலை விரியாமல் நின்றுவிடும். 350 மடங்கு, 500 மடங்கு என்று பையில் அச்சிட்டிருப்பது காய்ச்சி வடித்த நீரில் எடுத்த அளவு. கடினமான கிணற்று நீரில் அதில் பாதிகூட வராமல் போகலாம். உரம் கரைத்து சொட்டுநீரில் விடுபவர்களுக்கும் இது பொருந்தும். கால்சியம் நைட்ரேட் விடும் தோட்டத்தில் ஜெல் சுருங்கும்.

இதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். 5 கிராம் ஜெல்லை ஒரு மெல்லிய துணிப்பையில் தளர்வாகக் கட்டி, 5 லிட்டர் கிணற்று நீர் உள்ள வாளியில் போடுங்கள். இன்னொரு 5 கிராமை இதேபோல் மழைநீரிலோ, சுத்திகரித்த கேன் தண்ணீரிலோ போடுங்கள். பை சிறியதாக இருந்தால் ஜெல் விரிய இடமிருக்காது. தலையணை உறை அளவுக்கு இருக்கட்டும். இரவு முழுவதும் ஊறட்டும். காலையில் கால் மணி நேரம் தொங்கவிட்டு வடித்து, எடை போடுங்கள். ஈரத்துணியின் எடையைக் கழித்துவிட்டு 5-ஆல் வகுத்தால், எத்தனை மடங்கு என்பது வந்துவிடும். பலசரக்குக் கடைத் தராசு போதும். 5 கிராமை மட்டும் நகைக்கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். கிணற்று நீரில் 100 மடங்குக்குக் கீழே வந்தால், அந்தப் பணத்தை வேறு வழியில் செலவிடுவதே மேல் என்பது என் கருத்து.

வேறு வழி என்றால்? தென்னை மரம் இல்லாத ஊரா இது? மக்கிய தென்னை நார்க்கழிவு தன் எடையைப்போல் ஐந்து மடங்கு நீரைப் பிடிக்கும். ஒரு டன் போட்டால் 5,000 லிட்டர். இரண்டு கிலோ ஜெல்லின் 800 லிட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பச்சையாக மட்டும் போடக் கூடாது. மக்காத நார்க்கழிவில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் நூறு பங்குக்கும் மேல். மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் அது இழுத்துக்கொள்ளும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கி மக்க வைத்தால் கரிமம் 24 பங்கு அளவுக்கு இறங்கிவிடும். ஜெல் போடுபவர்களும் இதைச் சேர்த்தே போடலாம்.

குழியில் போடும் முறை

எலுமிச்சைக்கு இரண்டரை அடி நீள, அகல, ஆழக் குழி. 6 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 112 கன்று. குழிக்கு 20 கிராம் என்றால் ஏக்கருக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல் ஆகும். உங்கள் கிணற்று நீரில் 150 மடங்கு ஊறுகிறது என்றால், குழிக்கு 3 லிட்டர் இருப்பு. இளங்கன்றுக்கு ஒரு பாசனம் தவறினால் ஓரிரு நாள் கூடுதலாகத் தாங்க அது உதவும்.

உலர்ந்த குருணையை ஒரே இடத்தில் கொட்டாதீர்கள். ஊறி உப்பும்போது மண்ணைத் தூக்கிக் கன்றையும் சாய்த்துவிடும். முன்கூட்டியே ஊறவைத்து, மேல்மண்ணும் தொழுவுரமும் கலந்த கலவையோடு பிசறி, வேர்க்கட்டியைச் சுற்றி அரை அடி முதல் ஓரடி ஆழத்தில் இடுங்கள். மேலே கிடந்தால் வெயிலில் சிதைந்துபோகும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் ஒருபோதும் படக் கூடாது. எலுமிச்சையின் அடித்தண்டில் ஈரம் நின்றால் பட்டை அழுகிப் பிசின் வடியும். அதைப் பார்க்காத தோட்டக்காரர் இந்தப் பக்கம் இருக்க மாட்டார்.

பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் தக்காளி, மிளகாய் நடுபவர்களுக்கு இன்னும் எளிய முறை உண்டு. ஒரு லிட்டர் நீரில் 2 கிராம் ஜெல்லைக் கலக்கி அரை மணி நேரம் வைத்து, நாற்றின் வேரை அதில் நனைத்து நடலாம். இதற்கு மட்டும் நல்ல நீர் பயன்படுத்துங்கள், கொஞ்சம்தானே வேண்டியிருக்கிறது.

காய்க்கும் எலுமிச்சை மரத்துக்கு ஜெல் போட நான் சொல்ல மாட்டேன். கோடையில் நல்ல விலை கிடைக்கும் காய்க்காக, தண்ணீரை நிறுத்தி மரத்தை வாடவிட்டு, பிறகு பாய்ச்சிப் பூவெடுக்க வைப்பவர்கள் பலர். வேரடியில் ஜெல் இருந்தால் மரம் வாட வேண்டிய நேரத்தில் வாடாது. பூ முன்னும் பின்னுமாக வரும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பொட்டாசியம் அடிப்படையிலானதா, சோடியம் அடிப்படையிலானதா என்று பையில் பாருங்கள். சோடியம் வகை நம் வயலுக்கு வேண்டாம். எலுமிச்சை இனமே உப்பைத் தாங்காதது. டயப்பரைக் கிழித்து உள்ளே இருப்பதைத் தொட்டியில் போடச் சொல்லும் வீடியோக்கள் வருகின்றன, அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் வகைதான். பாலிஅக்ரிலமைடு வகையைப் பொறுத்தவரை, ஜெல் தானாகத் தீங்கு செய்யாது. ஆனால் அதைச் செய்யப் பயன்படும் அக்ரிலமைடு நரம்பைப் பாதிக்கும் நஞ்சு. அதன் எச்சம் எவ்வளவு என்று சோதித்த சான்று இல்லாத பெயரில்லாப் பொட்டலங்களைத் தொடாதீர்கள்.

இலையில் ஒட்டும் பச்சை

மென்மையான மின்னணுவியல் வயலுக்கு வரும் இன்னொரு பாதை சென்சார். செடி வளரும், காற்றில் ஆடும், பகலில் சுருங்கி இரவில் விரியும். அடிமரம்கூட நண்பகலில் மில்லிமீட்டரில் சிறு பகுதி அளவுக்கு இளைத்து, இரவில் நீர் ஏறியதும் பழைய நிலைக்குத் திரும்பும். கெட்டியான கருவியை இலையில் மாட்டினால் இலை கிழியும் அல்லது கருவி விழும். செடியோடு சேர்ந்து நீளும் பொருள்தான் வேண்டும்.

2017-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஒட்டுநாடா ஒன்றின் மேல் கிராஃபீன் என்ற கரிமத் தகட்டைப் படியவைத்து மக்காச்சோள இலையில் ஒட்டினார்கள். பச்சை குத்துவதுபோல் இருந்ததால் அதற்கு 'செடிப் பச்சை' என்றே பெயர். தண்ணீர் விட்ட பிறகு, அது வேரிலிருந்து கீழ் இலைக்கும் மேல் இலைக்கும் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது சொன்னது. அடுத்த ஆண்டில் சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செடி நீள்வதை நுண்ணிய அளவில் காட்டும் நீட்சிப் பட்டைகளைச் செய்தார்கள். 2023-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் தக்காளி இலையின் அடிப்பக்கம் ஒட்டும் பட்டை ஒன்றை வெளியிட்டார்கள். இலை விடும் ஈரத்தையும் வாசனை வாயுக்களையும் அளந்து, இலைப்பேன் பரப்பும் தக்காளிப் புள்ளி வாடல் நோயைக் கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு வாரத்துக்கும் மேல் முன்னதாக அது காட்டியது. நோய் தெரிந்தபின் மருந்தடித்துப் பயனில்லாத நச்சுயிரி நோய்க்கு, செடியை ஒரு வாரம் முன்பே பிடுங்க முடிந்தால் பக்கத்துச் செடிகள் பிழைக்கும்.

இவை எல்லாம் ஆய்வுக் கட்டத்தில் நடந்தவை. 'இலை சென்சார்' என்று யாராவது விலை சொன்னால், எந்தப் பயிரில், எந்த மண்ணில், எத்தனை பருவம் சோதித்தது என்று கேளுங்கள்.

இன்று வாங்கிப் பயன்படுத்தக் கூடியது மண்ணில் செருகும் ஈரப்பத சென்சார். அதில் ஒரு வகை, உங்கள் தொடுதிரை வேலை செய்யும் அதே விதியில்தான் இயங்குகிறது. மின்னூட்டத்தைத் தேக்க உதவும் தன்மையில் காற்றுக்கு 1 என்றால் காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5, தண்ணீருக்கு 80. அதனால் மண்ணில் ஈரம் ஏற ஏற அளவு தெளிவாக மாறும். இணையக் கடைகளில் மலிவாக வருவனவற்றில், மூடாத இரண்டு உலோகக் கால்கள் உள்ளதை வாங்க வேண்டாம். மின்சாரம் பாய்ந்து சில வாரங்களில் அரித்துப்போகும். முழுவதும் பூச்சு போட்ட தட்டையான வகையே உழைக்கும். அதிலும் வெட்டு விளிம்பு வழியாக நீர் புகும் என்பதால் வார்னிஷ் பூசிக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி இன்னும் எளிது. மண்ணில் செருகினால் விளக்கு எரியும்: நீலம் என்றால் ஈரம் நிறைய, பச்சை போதும், ஆரஞ்சு குறைவு, சிவப்பு என்றால் உடனே பாய்ச்ச வேண்டும். எண்களைப் படித்துக் குழம்ப வேண்டியதில்லை.

இதற்கும் பணக்கணக்கு உண்டு. நமக்கு மின்சாரம் இலவசம். அதனால் ஒரு பாசனத்தைக் குறைத்தால் மின்கட்டணத்தில் மிச்சம் எதுவும் கிடைக்காது. இரண்டு மணி நேரம் ஓடியதும் மோட்டார் காற்று வாங்கும் கிணறு வைத்திருப்பவருக்கு, அந்த இரண்டு மணி நேரத்தை எந்தப் பாத்திக்குக் கொடுப்பது என்று அறிய இந்தக் கருவி பயன்படும். நீர் தாராளமாக உள்ள மலையடி நெல் வயலுக்கு இதற்குச் செலவு செய்யத் தேவையில்லை.

சென்சார் வாங்கினால் உங்கள் மண்ணுக்குப் பழக்க வேண்டும். மேற்கே மலையடியில் செம்மண், கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் கரிசல். இரண்டிலும் ஒரே எண் ஒரே ஈரத்தைக் குறிக்காது. வெயிலில் நன்றாகக் காய்ந்த உங்கள் மண்ணில் ஒரு அளவு, தண்ணீர் நிறையப் பாய்ச்சி இரண்டு நாள் வடிந்தபின் ஒரு அளவு எடுத்து எழுதி வையுங்கள். பாசனம் தேவைப்படும் இடம் இவற்றுக்கு நடுவில் எங்கோ இருக்கும். இலை வாடத் தொடங்கும் நாளின் அளவைக் குறித்தால் அது பிடிபடும். எலுமிச்சைக்குத் தண்டுக்கும் மரக்கவிகையின் விளிம்புக்கும் நடுவில், முக்கால் அடியில் ஒன்றும் ஒன்றரை அடியில் ஒன்றும் செருகினால் நல்லது. கரிசலில் வெடிப்பு விழுந்து கருவிக்கும் மண்ணுக்கும் இடையே காற்று புகுந்தால், ஈரம் இருந்தாலும் காய்ந்ததாகக் காட்டும். இறுக்கி அணைத்து விடுங்கள்.

ஜெல் வாங்கினாலும் சென்சார் வாங்கினாலும் முதலில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் நீரின் மின்கடத்தும் திறனை அளந்து சொல்வார்கள். நீரில் உப்பு எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதுதான் அது. கொரியாவின் ஜெல் திரையில் ஓடியதும் இதே அயனி மின்னோட்டம்தான். தென்காசி மாவட்டத்துக்காரர்கள் ஊர்மேலழகியானில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். மாதிரி எடுக்கும்போது மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரில் இரண்டு முறை அலசி, கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். மழைக்குப் பின் எடுத்தால் நீர் நன்றாகவே தெரியும். கிணறு அடியில் கிடக்கும் சித்திரை, வைகாசியில் ஒரு மாதிரி எடுத்தால்தான், ஜெல்லும் கன்றும் மிகக் கஷ்டப்படும் நாளில் என்ன நீரைக் குடிக்கப் போகின்றன என்பது தெரியும்.